கோடியக்கரைக்குப் போகிறீர்களா? வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள்

வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் கோடியக்கரை வன உயிரினச் சரணாலயத்தைப் பற்றி ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, "மான் எங்கே நிற்கும், பூநாரை (ஃபிளமிங்கோ) எங்கே நிற்கும், இடத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்கின்றன. மீதி, "போனோம், ஒன்றுமே இல்லை, ஏன் இப்படி எழுதுகிறீர்கள்" என்று சண்டைக்கு வருகின்றன. இரண்டு தரப்புக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது என் கட்சி.

*

பொங்கல் லீவில் இரண்டு நாள் கிடைக்கிறது. எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் பிள்ளைகள். யானை, புலி இல்லாத காட்டுக்கு அவ்வளவு தூரம் போவானேன் என்கிறார் கணவர். போகலாமா?
(திருச்சியிலிருந்து ஒரு வாசகி)

கட்டாயம் போங்கள், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். புலிக் காட்டில் ஜீப்பில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுவார்கள், பெரும்பாலும் புலி வராது. கோடியக்கரை திறந்தவெளி. வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் வங்கக் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பிப் பாக் நீரிணைக்குள் நுழைகிற முனை அது. வேதாரண்யத்திலிருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே கோடையிலும் இலை உதிராத குட்டையான காடு, புல்வெளி, சதுப்பு, உப்பளம், மணல் கடற்கரை எல்லாம் அடுத்தடுத்து வருவதால் ஒரே காலையில் மானும் நரியும் கடல் ஆலாப் பறவையும் பார்க்க முடிகிற இடம் தமிழ்நாட்டில் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. 1967இல் வெளிமானை, அதாவது புல்வெளியில் மேயும் திருகு கொம்பு மானைக் காப்பதற்காகத்தான் இதைச் சரணாலயமாக்கினார்கள். 2002இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலுக்குப் போன முதல் ஈரநிலம் இதுதான்.

காலம் என்று பார்த்தால், பறவைக்கு மார்கழி, தை, மாசி. ஐப்பசி, கார்த்திகையில் வலசைப் பறவைகள் வந்து இறங்கத் தொடங்கிவிடும், ஆனால் கூடவே புயலும் வரும். அந்த ஊர்க்காரர்களுக்கு அதைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் பறவைகள் போய்விட்டிருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும், மான் மட்டும் இருக்கும். ஆகவே பொங்கல் லீவு சரியான நேரம். காணும் பொங்கல் அன்று மட்டும் போகாதீர்கள். தை அமாவாசை சேர்ந்து வருகிறதா என்றும் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வேதாரண்யத்திலும் கோடியக்கரையிலும் கடலாட வருகிற கூட்டத்தில் மானாவது மண்ணாவது.

இரண்டு நாளில் ஒரு ராத்திரியாவது வேதாரண்யத்திலோ கோடியக்கரையிலோ தங்க வேண்டும். ஏன் என்பது அடுத்த கேள்வியில் இருக்கிறது.

*

காலை பத்தரைக்கு உள்ளே போய் ஒன்றரைக்கு வெளியே வந்தோம். ஒரு குரங்குக் கூட்டம், நாலு புள்ளிமான், அவ்வளவுதான். ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிப் போனது வீண். இதற்கு வண்டலூரே மேல்.
(மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

வண்டலூர் மேல்தான், அங்கே பத்தரைக்கும் மான் இருக்கும், எங்கேயும் போக முடியாது!

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போன நேரம் வெளிமான் வெயிலுக்குப் பயந்து நிழல் தேடிப் படுத்து அசைபோடுகிற நேரம். விடிந்ததிலிருந்து எட்டு, எட்டரை வரையும், பிறகு மாலை நாலுக்கு மேல் இருட்டும் வரையும்தான் புல்வெளியில் மேயும். மதுரையிலிருந்து விடியற்காலை புறப்பட்டு அன்றே திரும்புகிறவருக்கு அந்த இரண்டு வேளையுமே கிடைக்காது. அதனால்தான் ஒரு ராத்திரி தங்கச் சொல்கிறேன்.

இன்னொன்று, நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலான வண்டிகள் செய்வது இதுதான்: தூரத்தில் பழுப்பாக ஏதோ தெரிந்ததும் பிரேக், நாலு கதவும் திறக்கும், ஆறு பேர் இறங்குவார்கள், ஒருவர் கையைத் தட்டுவார். அப்புறம் மான் எங்கே நிற்கும்? வண்டிக்குள் இருக்கும்வரை அது உங்களை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. மனித உருவம் இரண்டு காலில் தரையில் இறங்கிய மறு நிமிடம் மந்தையே நகர்ந்துவிடும். புல்வெளி ஓரத்தில் வனத்துறை அனுமதிக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பாட்டையும் அணைத்து, அரை மணி நேரம் அப்படியே உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் எதுவும் நடக்காது, பிள்ளைகள் பிஸ்கட் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் வெறும் புல் என்று நினைத்த இடத்தில் ஒரு காது ஆடுவது கண்ணில் படும்.

கிடாவை நன்றாகப் பாருங்கள். திருகிக்கொண்டு மேலே போகிற கொம்பு அதற்கு மட்டும்தான், பெட்டைக்குக் கிடையாது. உடம்பின் மேல்பகுதி கரும்பழுப்பு, வயிறு பால் வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். வடநாட்டுப் படங்களில் மை போலக் கறுத்த கிடாவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இங்கே "இது வேறு மானோ" என்று கேட்பதுண்டு. மான் அதேதான், தென்னாட்டுக் கிடாக்கள் பெரும்பாலும் அவ்வளவு கறுப்பதில்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கீறல் தெரியும், அது ஒரு சுரப்பி. கிடா ஒரு புல்நுனியையோ சுள்ளியையோ தேர்ந்தெடுத்து, தலையை மெல்லச் சாய்த்து, அந்தக் கீறலை அதன் மேல் வைத்து ஒற்றி எடுக்கும். அவ்வளவு பெரிய கொம்பை வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோப்பவரின் கவனத்தோடு அதைச் செய்வதைப் பார்க்க வேண்டும். அது எல்லைக் குறி. புழுக்கையையும் ஒரே இடத்தில் குவித்து வைக்கும், அதுவும் குறிதான். பெட்டைகள் அருகே வந்தால் மூக்கை வானத்துக்குத் தூக்கி, கொம்பை முதுகில் சாய்த்துக்கொண்டு விறைப்பாக நடக்கும். நரி வாடை பட்டால் முதலில் ஒரு பெட்டை நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாகத் துள்ளும், அதைப் பார்த்து அடுத்தது, பிறகு மந்தை முழுவதும் துள்ளித் துள்ளிக் கிளம்பி ஓட்டமெடுக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் வரை எட்டக்கூடிய விலங்கு.

இவ்வளவும் பார்க்க நேரம் வேண்டும். நீங்கள் பார்த்த நாலு புள்ளிமானும் காட்டு நிழலில் இருந்தவை, அதனால்தான் அந்த உச்சி வெயிலிலும் கிடைத்தன.

*

பூநாரை ஆயிரக்கணக்கில் வரும் என்றார்கள். தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது, அவ்வளவே. கிட்டப் போய்ப் பார்க்க வழி உண்டா?
(சென்னையிலிருந்து ஒரு வாசகி)

அந்த வெள்ளைக் கோடுதான் பூநாரை. நீங்கள் பார்த்துவிட்டீர்கள்!

கோடியக்கரையிலிருந்து மேற்கே முத்துப்பேட்டை வரை 40 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து நிற்கிற அந்த விரிவில் பறவைக்கு இஷ்டமான ஆழம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அது நிற்கும். அந்த வருட மழையைப் பொறுத்து இடம் மாறும். ஒரு வருடம் பம்ப் ஹவுஸ் பக்கம், ஒரு வருடம் சிறுதலைக்காடு, கோவைத்தீவுப் பக்கம். மழை அதிகம் பெய்த ஆண்டில் தண்ணீர் ஆழமாகிப் பறவைகள் சிதறிவிடும், வற்ற வற்றத்தான் கூடும். ஆகவே இணையத்தில் யாரோ போன வருடம் போட்ட இடத்தை நம்பிப் போகாமல், அங்கே பணியிலிருக்கும் வனக்காவலரிடம் கேளுங்கள். நேற்று எங்கே நின்றது என்று அவருக்குத்தான் தெரியும். உப்பளங்கள் தனியார் இடம், கேட்காமல் வரப்பில் இறங்கி நடக்காதீர்கள்.

கிட்டப் போகும் ஆசையை விட்டுவிடுங்கள். முதல் காரணம் உளைச்சேறு: மேலே வெடித்துக் காய்ந்த மாதிரி தெரியும், காலை வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். இரண்டாவது காரணம் பறவை. ஒரு கூட்டத்தை ஒருமுறை எழுப்பிவிட்டால், அவை மேய்ந்து சேர்த்த தெம்பை வீணாக்கிக்கொண்டு பறந்துபோய் வேறு இடம் தேட வேண்டும். பறக்கும்போதுதான் சிறகின் சிவப்பும் கறுப்பும் தெரியும், படம் நன்றாக வரும் என்று வேண்டுமென்றே கல்லெறிந்து எழுப்புகிறவர்களை என்ன சொல்வது? அந்தப் படங்களுக்கு விருப்பக்குறி போடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

காலையில் போங்கள். நீங்கள் கிழக்கே முதுகைக் காட்டி மேற்கே சதுப்பைப் பார்த்து நிற்பீர்கள், வெளிச்சம் பறவை மேல் விழும். மாலையில் சூரியன் எதிரே வந்துவிடும், எல்லாம் கறுப்பு நிழல்தான். பைனாகுலரில் ஒரே ஒரு பறவையைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து, நாக்கை முன்னும் பின்னும் அசைத்துச் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போல உள்ள தகடுகளில் சின்னஞ்சிறு இறால் இனங்களும் பூச்சிப் புழுக்களும் தங்கிவிடும். சில சமயம் நின்ற இடத்திலேயே காலை மிதித்து மிதித்துச் சேற்றைக் கலக்கும். உடம்பில் ஏறும் சிவப்பு அந்த உணவிலிருந்து வருவது. சாம்பலாக, அழுக்கு வெள்ளையாக இருப்பவை இளசுகள், அவற்றுக்கு நிறம் ஏற சில வருடங்கள் ஆகும்.

அப்புறம் ஒன்று. பூநாரையைப் பார்த்துவிட்டு உடனே வண்டி ஏறாதீர்கள். உங்கள் காலுக்கு முன்னால் ஈரச் சேற்றில் எலி ஓடுகிற மாதிரி குறுகுறுவென்று ஓடிக்கொண்டிருக்கும் உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் பாருங்கள். கொசு உள்ளான் என்று ஒன்று, உள்ளங்கையில் அடங்கிவிடும், எடை 30 கிராம்கூட வராது. ஆர்க்டிக் பக்கத்துப் பனிச் சமவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு இந்த உப்புச் சேற்றுக்கு வந்திருக்கிறது. பூநாரைக் கூட்டத்தைவிட எனக்கு இது பெரிய விஷயம்.

*

புது கேமரா வாங்கலாமா, பைனாகுலர் வாங்கலாமா? பட்ஜெட் ஒன்றுக்குத்தான்.
(சேலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பைனாகுலர். 8 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ளது போதும். 20 மடங்கு, 30 மடங்கு என்று கடையில் ஆசை காட்டுவார்கள். கடற்காற்றில் கை நடுங்கும், ஒன்றும் தெரியாது.

*

எங்கட நெடுந்தீவில குதிரைகள் இருக்கிற மாதிரி கோடியக்கரையிலும் உண்டாமே? அங்கேயிருந்து இங்கே வந்ததா?
(யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்)

உண்டு. இங்கே மட்டக்குதிரை என்பார்கள். காட்டுக் குதிரை இனம் கிடையாது. ஒரு காலத்தில் மனிதர்கள் வளர்த்து, தேவை முடிந்து அவிழ்த்துவிட்டவற்றின் வாரிசுகள். நெடுந்தீவுக் குதிரைகள் ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் வளர்க்கப்பட்டவற்றின் வழி வந்தவை, அது தனிக் கதை. பருத்தித்துறைக்கும் கோடியக்கரைக்கும் நடுவே கடல் அகலம் குறைவு என்பது உண்மைதான், ஆனால் குதிரை நீந்தி வந்திருக்காது!

பார்க்க அழகு. பிடரி மயிர் காற்றில் பறக்க உப்பு வெளியில் குட்டியோடு நிற்கிற காட்சி எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் வெளிமான் மேயும் அதே புல்லைத்தான் அவையும் மேய்கின்றன. சீமைக்கருவேலங்காய் இனிப்பு என்று தின்றுவிட்டுச் சாணத்தோடு விதையை ஊரெல்லாம் போட்டுவிடுகின்றன. சீமைக்கருவேலம் முளைத்த இடத்தில் புல்வெளி சுருங்கும், புல்வெளி சுருங்கினால் வெளிமானுக்கு இடமில்லை. இந்தக் குதிரையை என்ன செய்வது என்பது வனத்துறைக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் நெடுநாள் தலைவலி.

நீங்கள் இந்தியா வர முடியாவிட்டாலும் கவலையில்லை, மன்னார்ப் பக்கம் வங்காலைச் சரணாலயம் இருக்கிறது, அதுவும் ராம்சர் ஈரநிலம். கோடியக்கரையில் காணும் வலசைப் பறவைகளில் பலவற்றை அங்கேயே பார்த்துவிடலாம், பூநாரை உட்பட.

*

குரங்குக்கு வாழைப்பழம் வாங்கிப் போகலாமா? பிள்ளைகளுக்கு ஆசை.
(கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

வேண்டவே வேண்டாம். பழம் கொடுத்துப் பழக்கியதால்தான் ராமர் பாதம் என்கிற மேட்டுப் பக்கம் கைப்பையைப் பிடுங்குகின்றன. அடுத்து வருகிறவரின் பிள்ளையைக் கடிக்கும். காட்டில் பாலைப் பழமும் மற்ற பழங்களும் இருக்கின்றன, அவை பிழைத்துக்கொள்ளும்.

*

ஐப்பசி மாதம் ஒரு ராத்திரி எங்கள் வீட்டு ஹாலுக்குள் ஒரு குருவி வந்து விழுந்தது. பச்சை முதுகு, நீலத் தீற்று, வாலடியில் குங்குமச் சிவப்பு, வால் இருக்கிறதா என்றே தெரியாத குட்டை வால். மறுநாள் பறந்துவிட்டது. என்ன பறவை? வளையம் எதுவும் இல்லை. காலில் வளையம் போட்ட பறவை கோடியக்கரையில் இருக்கும் என்கிறார்களே?
(பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்)

நீங்கள் எழுதிய விதத்திலேயே தெரிந்துவிட்டது, ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு ஒட்டிக் கூப்பிடுகிற பறவை. மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டும். குளிர் தொடங்குமுன் தெற்கே இறங்கும், ஒரு பகுதி கடலைத் தாண்டி இலங்கைக்கும் போகும். பயணம் முழுக்க ராத்திரியில். நம் வீட்டு விளக்குகள் அதைக் குழப்பிவிடுகின்றன, அதனால்தான் ஐப்பசி, கார்த்திகையில் கடலோர மாவட்டங்களில் கிணற்றடியிலும் மொட்டை மாடியிலும் வந்து விழுகிறது. அடுத்த முறை வந்தால் காற்றோட்டமுள்ள ஓர் அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து மூடுங்கள். தீனி போட வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கையில் பிடித்துப் படம் எடுக்க வேண்டாம். தெளிந்த பிறகு பூனை இல்லாத புதர் ஓரமாகத் திறந்துவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கோடியக்கரைக் காட்டுக்குள் இதைப் பார்க்க விரும்பினால் நிமிர்ந்து மரத்தைப் பார்க்காதீர்கள். தரையில், சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும்.

வளையம் பற்றி: கடல் கடக்குமுன் பறவைகள் வந்து குவிகிற முனை என்பதால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளை வலையில் பிடித்து, அளந்து, எடை பார்த்து, காலில் லேசான உலோக வளையம் மாட்டிப் பறக்கவிட்டு வருகிறது. பறவை அறிஞர் சாலிம் அலி முன்னின்று தொடங்கிவைத்த வேலை. வளையத்தில் கழகத்தின் பெயரும் ஓர் எண்ணும் இருக்கும். செத்த பறவையின் காலில் இருந்தாலும் எண்ணைக் குறித்து, இடம், தேதியோடு கழகத்துக்குத் தெரிவியுங்கள். அது எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் போனது என்பது இப்படித்தான் தெரியவரும்.

*

ராத்திரியில் கடற்கரையில் நடந்தால் ஆமை முட்டையிடுவதைப் பார்க்கலாமா?
(கோவையிலிருந்து ஒரு வாசகர்)

நீங்களாகப் போய்ப் பார்க்கக் கூடாது. இங்கே கரையேறுவது பங்குனி ஆமை. பங்குனி என்றாலும் தை தொடங்கியே வரத் தொடங்கிவிடும். கரையேறும்போது டார்ச் வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிவிடும். ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இடும். நரி, நாய், காட்டுப்பன்றி தோண்டுமுன் வனத்துறை ஆட்கள் விடியுமுன்பே நடந்து, மணலில் துடுப்புத் தடத்தைப் பின்தொடர்ந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்து வைப்பார்கள். சுமார் 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். நீங்கள் மாசி, பங்குனியில் போனால் குஞ்சு விடும் நாள் எது என்று வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள், தள்ளி நின்று பார்க்கலாம். கையில் எடுத்துத் தண்ணீரில் போடலாமா என்று கேட்பார்கள் பிள்ளைகள். மணலில் அதுவாகவே நடந்து போகட்டும்.

*

கோடியக்கரையோடு முத்துப்பேட்டையையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா?
(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

'முடித்துவிட' முடியாது. இரண்டாம் நாளை முழுசாக அதற்கு வையுங்கள். முத்துப்பேட்டைப் பக்கத்து ஜாம்பவானோடையில் படகு ஏறினால் ஆற்று வழியாக அலையாத்திக் காட்டுக்கும் காயலுக்கும் போகலாம். படகு விடுவது தண்ணீர், காற்று, வனத்துறை அனுமதி எல்லாவற்றையும் பொறுத்தது, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அங்கே பறவையைவிட மரம் சுவாரசியம். அலையாத்தி மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்தாற்போல ஆயிரக்கணக்கில் மேலே நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சுவேர்கள், சேற்றுக்குள் காற்றில்லாததால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. வெயிலேறிய பிறகு ஓர் அலையாத்தி இலையைப் பறிக்காமல் அப்படியே விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியே தள்ளிவிடுகிறது மரம். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் பேசுவார்கள். ஆனால் எந்த இலையையும் நக்கிப் பார்க்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள், பக்கத்திலேயே தில்லை மரமும் இருக்கும். அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து, தோலில் பட்டால் கொப்பளிக்கும். படகுக்காரர் காட்டித் தருகிற மரத்தை மட்டும் தொடுங்கள்.

*

கடற்பசுவைப் பார்க்கப் படகு எங்கே கிடைக்கும்?
(பெங்களூருவிலிருந்து ஒரு வாசகர்)

கிடைக்காது, கிடைத்தாலும் ஏறாதீர்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. கடலடியில் கடற்புல் மேய்ந்துவிட்டுச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கை மட்டும் வெளியே நீட்டி மூச்சு வாங்கிவிட்டு மறைந்துவிடும் விலங்கை மோட்டார் படகில் துரத்திப் பார்க்க என்ன இருக்கிறது? வலையில் சிக்கினால் வலையை அறுத்து விட்டுவிடுகிற மீனவர்கள்தான் அதை அருகில் பார்த்தவர்கள். மல்லிப்பட்டினம் பக்கம் போனால் மனோராக் கோட்டையைப் பார்த்துவிட்டு, கரையில் டீக்கடையில் அவர்களிடம் பேசிப் பாருங்கள், கதை கிடைக்கும்.

*

அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா? தங்க, சாப்பிட என்ன வசதி?
(திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி)

தாராளமாக. வண்டியில் இருந்தபடியே பார்க்கக்கூடியதுதான் பாதி. அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள், சதுப்பு ஓரத்தில் போட்டு உட்கார வைத்துவிட்டால் நிற்க முடியாமல் தவிக்கிற இளசுகளைவிட அவர் அதிகம் பார்ப்பார். கோடியக்கரையில் வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது, நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் லாட்ஜ். ஆடம்பரம் எதிர்பார்க்காதீர்கள், கொசுவலையும் கொசுவத்தியும் கட்டாயம். சரணாலயத்துக்குள் கடை கண்ணி கிடையாது. குடிதண்ணீர், அம்மாவின் மாத்திரை, தொப்பி எல்லாம் கையோடு. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை கோடியக்கரையில் மீன்பிடிப் பருவம், வெளியூர் மீனவர்களும் வந்து கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். காலையில் கரையில் மீனும் நண்டும் வாங்கி, ஊரில் சமைத்துத் தருபவர் யாரென்று விசாரித்துக் கொடுத்தால் மதியச் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது.

ரயிலில் வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளிப் பாதை அகல ரயில் பாதையாகி 2023இல் மறுபடி திறந்தாயிற்று, வண்டி நேரத்தை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அகஸ்தியம்பள்ளியில் இறங்கினால் இருபுறமும் உப்பளம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய இடத்தில் நினைவுத்தூண் நிற்கிறது. அம்மாவுக்கு அது பிடிக்கும்.

*

கஜா புயலில் காடே போய்விட்டது என்றார்களே, இன்னும் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?
(விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர்)

2018 நவம்பர் 16 விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையைக் கடந்தது. பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன, மான்களும் குதிரைகளும் பறவைகளும் செத்தன. ஊர் மக்களுக்குத் தென்னையும் மாவும் போனது, அது அவர்கள் வாழ்நாள் சேமிப்பு. காட்டைப் பொறுத்தவரை, பாலை மரம் மெதுவாக வளர்வது, பழைய பெருமரங்கள் திரும்ப நம் ஆயுள் போதாது. ஆனால் அடியில் புதர்கள் துளிர்த்துக் காடு மறுபடி மூடியிருக்கிறது. மான் இருக்கிறது, நரி இருக்கிறது, பறவைகள் வருகின்றன. என்னைக் கேட்டால் புயலைவிட எனக்குப் பயம் சீமைக்கருவேலம்தான். புயல் ஒரு ராத்திரியில் போய்விட்டது, இது போகமாட்டேன் என்கிறது. வனத்துறை வெட்டி எடுக்கிறது, அது மறுபடி முளைக்கிறது.

*

ட்ரோன் கொண்டு போகலாமா?
(ஓசூரிலிருந்து ஒரு வாசகர்)

கூடாது. சரணாலயத்தில் அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் கருவியைப் பறிமுதல் செய்து வழக்கும் போடுவார்கள், எழுதிக் கேட்டு என்னையும் சாட்சிக்கு இழுத்துவிடாதீர்கள்.